புளியில் குளித்த ராணி

கண்டக்டர் மீதி கொடுத்த ஐந்து ரூபாய்க் காசைத் திருப்பி, வருஷத்துக்கு அடியில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

“இன்னாப்பா, நான் குட்த்த காசு செல்லாதுன்னு பாக்கிறியா?” என்று அவர் கேட்ட கேட்பில் மொத்த பஸ்ஸும் திரும்பியது.

“ஐயோ இல்லண்ணா. இது எந்த ஊர்ல அடிச்சதுன்னு பாக்கிறேன்.”

“எவன் எங்க அடிச்சானோ, எனுக்கு இன்னா தெரியும்? என் பையில இருந்துச்சு, குட்த்தேன்.”

விளக்க வேண்டியதாகிவிட்டது. வருஷத்துக்குக் கீழே குட்டி நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். டைமண்ட் மாதிரி இருந்தால் மும்பை. புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கல்கத்தா. நான் சொல்லி முடிக்கவும் பஸ் ரேடியேட்டர் கொதித்து மலைப்பாதை வளைவில் நிற்கவும் சரியாக இருந்தது. அமிர்திக் காடு கீழே எங்கோ பச்சையாகத் தெரிந்தது. டிரைவர் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்.

கண்டக்டர் பையை அப்படியே சீட்டில் கொட்டிவிட்டார். அடுத்த இருபது நிமிஷம் அந்தப் பஸ்ஸில் நடந்ததைச் சென்னையில் நடக்கும் எந்த நாணயக் கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. ஆளாளுக்குச் சுருக்குப்பை, சட்டைப்பை, மடி என்று அவிழ்க்கிறார்கள். லென்ஸ் கைமாறிக் கைமாறிக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டது. கக்கத்தில் கோழியோடு இருந்த ஒரு அக்கா, “எனுக்கு ஸ்டாரு! எனுக்கு ஸ்டாரு!” என்று கத்தியதில் கோழி மிரண்டு என் மடியில் வந்து உட்கார்ந்தது.

“எனுக்கு மட்டும் வெறும் கல்கத்தாவாவே வருதேப்பா,” என்று கண்டக்டர் நொந்துகொண்டார். வண்டி ஆறி, டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்தும் ஒருத்தரும் நிமிரவில்லை. நான்காவது தடவை அவரே உள்ளே வந்து, “என் பாக்கெட்ல ஒண்ணு கீது, அதயும் பாத்து சொல்லு,” என்றார். டைமண்ட்.

ஜவ்வாது மலை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷமே.

நான் பிரவீன். புரசைவாக்கம். பி.காம் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. பகலில் பைக்கில் சாப்பாடு டெலிவரி, மிச்ச நேரமெல்லாம் நாணயம். யூடியூபில் சேனலும் வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் குறைவு, பேச்சு மட்டும் லட்சம் பேர் பார்ப்பது மாதிரி இருக்கும். வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட் கோவிந்தன் இந்த மலைக்காரன். அவன்தான் போன் செய்தான்.

“மச்சி, எனுக்குப் பரிசம் போடறாங்க. நீ வந்து எங்க வூட்டுக் காச ஒருக்கா பாத்துச் சொல்லணும்.”

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். பரிசம் அன்று மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து தட்டில் வைக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமன் முடிச்சை அவிழ்த்து, காசை அம்மிக்கல்லில் போட்டுச் சத்தம் கேட்பார். கிணீர் என்றால் சம்பந்தம் உறுதி, எல்லாருக்கும் கறிச்சோறு. சத்தம் சரியில்லை என்றால் “அறுப்பு முடியட்டும், அப்பால பாக்கலாம்” என்று எழுந்து போய்விடுவார்கள். உறுதியானால் காசு பெண் வீட்டுக்குப் போகும். கல்யாணமாகிப் பெண் வரும்போது காசும் அவளோடு திரும்பி வந்துவிடும். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்த காசு.

கோவிந்தனுக்கு ஏன் பயம் என்றால், பெண் வெண்ணிலாவின் தாய்மாமன் சின்னசாமிக்கு அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க ஆசை. அவளோ கோவிந்தனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அறுப்பு வரை தள்ளிப்போனால் மாமா அதற்குள் பேசிப் பேசியே எல்லாரையும் கரைத்துவிடுவார். அவருக்குத் தேவை ஒரே ஒரு சாக்கு.

அன்று சாயங்காலம் ஜமுனாமரத்தூரில் இறங்கி, கோவிந்தனின் பைக்கில் அவன் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் புளியமரம். எங்கள் தெருவில் ஏசி வெளியே தள்ளும் காற்றைத்தான் காற்று என்று நினைத்திருந்தேன். இங்கே டி-ஷர்ட்டுக்கு மேல் கோவிந்தனின் ஸ்வெட்டரையும் போட வேண்டியிருந்தது.

வீட்டில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் தயாராக இருந்தன. டெலிவரி பையில் தினமும் ஐம்பது பிரியாணி சுமப்பவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐம்பதும் இந்த ஒரு தட்டுக்கு வராது. மூன்றாவது தடவை போட வந்த கோவிந்தனின் அம்மாவிடம் போதும் என்று கையை மறைத்தேன்.

“இன்னா தம்பி, குருவி மாரி சாப்டற? மெட்ராஸ்ல இத்தினிதான் போடுவாங்களா?” என்று கையின் இடுக்கு வழியாகவே போட்டுவிட்டார்.

சாப்பிட்டதும் அவரே பெருமையோடு காசைக் கொண்டுவந்தார். “நீ பெரிய படிப்பு படிச்சிக் காசு பாக்கிற ஆளுன்னு கோவிந்தன் சொன்னான். அழுக்கா குடுத்தா நல்லாருக்காதுன்னு காலைலயே புளி போட்டு ஊறவெச்சி, சாம்பல் வெச்சி நல்லாத் தேச்சிட்டேன். பாரு, எப்டி மின்னுது!”

நாணயம் சேர்ப்பவர்களின் முதல் விதி, பழைய காசைக் கழுவாதே. காலம் பூசிய அந்தக் கருப்புதான் அதன் அழகு, டோனிங் என்போம். இங்கே விக்டோரியா ராணி புளிக்கரைசலில் குளித்துவிட்டு, விளக்கி வைத்த சொம்பு மாதிரி பல்லை இளித்துக்கொண்டிருந்தார்.

“சூப்பரா இருக்கும்மா,” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் உள்ளே போனதும் லென்ஸை எடுத்தேன். 1862. அதற்கப்புறம் பல வருஷம் அதே வருஷத்தைப் போட்டே அடித்த ரூபாய் இது. வருஷத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும், எத்தனை புள்ளி, மேலேயா கீழேயா என்பதில்தான் எங்கள் ஆட்கள் உயிரை விடுவார்கள். இதில் புள்ளியே தெரியவில்லை. ராணியின் மூக்கு மழுங்கிக் கிடந்தது. விளிம்பில் வரிவரியாக இருக்க வேண்டிய கோடுகள் பாதி இல்லை. அச்சில் அடிக்காமல் உருக்கி ஊற்றிய போலிகள் இப்படித்தான் மொழுக்கென்று இருக்கும். பாக்கெட் தராசில் வைத்தேன். 10.55 கிராம். இருக்க வேண்டியது 11.66.

“மச்சி,” என்றேன் மெதுவாக. “ஒரு கிராமுக்கு மேல குறையுது. இது டூப்பு.”

கோவிந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “எங்க அப்பா பரிசத்துக்கும் இதான்டா. பங்காளிங்க வூட்டுக்கெல்லாம் இதத்தான் எட்த்துனு போவாங்க.”

நான் விடுவேனா? என் பர்ஸில் இருந்த பிளாஸ்டிக் டப்பியைத் திறந்தேன். 1911, ஐந்தாம் ஜார்ஜ். ராஜாவின் அங்கியில் யானை பொறித்திருக்கும், ஆனால் தும்பிக்கை குட்டையாக விழுந்ததில் அது பன்றி மாதிரி தெரிந்து அந்தக் காலத்தில் ஊரே கொதித்துப்போய், அரசாங்கம் அச்சையே மாற்றியது. அந்தப் ‘பன்றி ரூபாய்’ என்னிடம் இருக்கிறது! எட்டு மாதம் மழையிலும் வெயிலிலும் டெலிவரி செய்து, ஆன்லைனில் ஒரு ஆளிடம் வாங்கியது. எடை 11.66, அட்சரசுத்தம். கொஞ்சம் தடியாக இருக்கும். அச்சு அவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது என்று சேனலில் அதற்கே தனி வீடியோ போட்டிருந்தேன்.

“நாளன்னிக்கு இத வெச்சிடு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்,” என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். தியாகி மாதிரி தூங்கினேன்.

மறுநாள் ஜமுனாமரத்தூரில் சந்தை. கோவிந்தன் வெற்றிலை பாக்கு வாங்கப் போய்விட, நான் டீக்கடை பெஞ்சில் லென்ஸோடு உட்கார்ந்தேன். பஸ் கதை எனக்கு முன்னாடியே சந்தைக்கு வந்து சேர்ந்திருந்தது. கூட்டம் கூடிவிட்டது.

“தம்பி, இந்த ரெண்டு ரூவா பத்து லட்சம் போவும்னு போன்ல ஒருத்தன் சொல்றானே, மெய்யா?”

“ரெண்டு ரூபா போகும்ணா.”

“அவன் முன்பணம் கட்டச் சொல்றான்பா.”

“கட்டாதீங்க. பத்து லட்சம் தர்றவன் உங்ககிட்ட எதுக்கு ஆயிரம் கேக்கறான்?”

கூட்டம் சிரித்தது. எனக்குத் தலை டீக்கடைக் கூரையை முட்டியது. பக்கத்தில் பச்சைத் துண்டு போட்ட ஒருத்தர் எனக்கு டீயும் மசால்வடையும் சொல்லி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “அசல் எது, டூப்பு எதுன்னு எப்டிங்க தம்பி கண்டுபுடிக்கிறீங்கோ?”

இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்றுதானே வாழ்கிறேன். எடை, விளிம்பு, மழுங்கிய மூக்கு என்று வரிசையாகச் சொன்னேன். பர்ஸில் அசல் ஒன்று வைத்திருப்பதையும் சொல்லாமல் விடவில்லை. வடை சூடாக இருந்தது. உதாரணம் இல்லாமல் பாடம் ஏறாதே என்று, “இப்ப பாருங்க, எங்க ஃப்ரெண்டு வூட்ல ஒரு ராணி காசு. தலமொற தலமொறையா பரிசத்துல வெச்சிட்டிருக்காங்க. நேத்து நிறுத்துப் பாக்கறேன், டூப்பு!” என்றேன்.

“அப்டிங்களா,” என்றார் அவர். “மிஷின்லயே நிறுத்துட்டீங்களா?” இன்னொரு வடை சொன்னார். நான் தின்று முடிப்பதற்குள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து நிமிஷத்தில் கோவிந்தன் வந்தான். முகம் வெளுத்திருந்தது. “சின்னசாமி மாமா உங்கூட இன்னாடா பேசினாரு? என்னப் பாத்து சிரிச்சினே போறாரு.”

பச்சைத் துண்டு! கையிலிருந்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வெண்ணிலா நேரே டீக்கடைக்கு வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். வெண்ணிலாவை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“நீங்கதான் வடைக்குக் கல்யாணத்த வித்த அண்ணாவா?”

“தெரியாம சொல்லிட்டேன்மா, சாரி…”

“சாரி அப்பறம். டூப்புன்னு எத வெச்சி சொன்னீங்க?”

“எடை. ஒரு கிராமுக்கு மேல…”

“எடை மட்டும் பாத்தீங்களா? எட்டாங்கிளாஸ் புள்ளயே கேக்குமே, கன அளவு எங்கன்னு.”

எங்களை வகுப்புக்குக் கூட்டிப்போனாள். கோவிந்தன் வீட்டுக்கு ஓடிக் காசைக் கொண்டுவந்தான். என் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். காசை நூலில் கட்டி, கப்பின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் இறக்கினாள். 1.02 காட்டியது. காசின் எடையை அதால் வகுத்தால் எத்தனை மடங்கு தண்ணீரைவிடக் கனம் என்று வந்துவிடும். கரும்பலகையில் வகுத்தாள். 10.34.

அந்த எண் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ரூபாய் அடிக்கும் வெள்ளியின் எண் அது. அசல்!

“அப்ப எடை எங்க போச்சு?” என்றான் கோவிந்தன்.

பதில் என் மண்டையில் புளி வாசனையோடு வந்தது. ஒவ்வொரு பரிசத்துக்கும் புளி, சாம்பல், தேய்ப்பு. பங்காளிகள் வீட்டுக்கெல்லாம் இதே காசு. அப்புறம் அம்மிக்கல்லில் போட்டுத் தட்டல். ராணியின் மூக்கு, புள்ளிகள், விளிம்பு, ஒரு கிராம் வெள்ளி எல்லாம் அத்தனை கல்யாணங்களில் கரைந்து போயிருக்கிறது. ஊற்றிய போலி என்று நான் நினைத்த மொழுக்குத்தனம் கோவிந்தனின் அம்மா, அத்தை, பெரியம்மாக்களின் கைவேலை.

“உங்களுதயும் முக்கிப் பாக்கலாமாண்ணா?” என்றாள் வெண்ணிலா, என் டப்பியைப் பார்த்து.

“வேணாம், வேணாம். டோனிங் போயிடும்.”

“ம்ம்,” என்றாள். அந்த ‘ம்ம்’மை மட்டும் மறக்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்கள் பரிசக் கோஷ்டி ஒரு சரக்கு வண்டியில் ஏறியது. தட்டு, தாம்பாளம், தவில்காரர், எட்டுப் பலாப்பழம், நான். பாதி வழியில் வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் ஒரு பலாப்பழம் கீழே உருண்டு போனது. எல்லாரும் இறங்கித் துரத்தினோம். பழத்தைக் காப்பாற்றியதில் என் செருப்பு அறுந்தது. சம்பந்தி வீட்டுக்குள் வெறுங்காலோடு நுழைந்தேன், பின்னால் யோசித்தால் பொருத்தம்தான்.

பந்தலில் அம்மிக்கல் மஞ்சள் பூசித் தயாராக இருந்தது. சின்னசாமி மாமா பச்சைத் துண்டோடு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முடிச்சை அவிழ்த்தார். காசை எடுத்தார். தட்டவில்லை.

“எதுக்குத் தட்டணும்? மெட்ராஸ்லருந்து ஆள் வந்து, மிஷின் வெச்சி நிறுத்து, டூப்புன்னு சொல்ட்டாரு. தோ குந்தினு கீறாரே!”

தவில் நின்றது. கோவிந்தனின் அம்மா என்னைப் பார்த்தார்.

பின்வரிசையில் ஒரு மீசைக்காரர் எழுந்தார். கோவிந்தனின் பெரியப்பா மகன். “இரு மாமா. எம் பரிசத்துக்கும் அதே காசுதான். அது டூப்புன்னா என் கல்யாணமும் டூப்பா? இவள இவங்கம்மா வூட்லயே வுட்டுட்டு வரலாமா?”

அவர் மனைவி தாம்பாளத்தாலேயே முதுகில் ஒன்று வைத்தார். பந்தல் சிரித்தது, மாமா சிரிக்கவில்லை.

நான் எழுந்தேன். “மாமா, நான் தப்பா சொல்லிட்டேன். அது அசல் வெள்ளி. எடைய மட்டும் பாத்து உளறிட்டேன்.”

“நேத்து டூப்புன்ன. இன்னிக்கு அசல்ன்ற. நாளிக்கு பித்தளன்னுவ. எத நம்பறது?”

கப், தண்ணீர், நூல் எல்லாம் வந்தன. ராணியை முக்கிக் காட்டினேன். 1.02. வகுத்துச் சொன்னேன்.

“தண்ணில முக்கற வித்தய எவன் நம்புவான்? அசல் காசு ஒண்ணு வெச்சிருக்கேன்னு சந்தையில சொன்னியே, அத முக்கு. ரெண்டும் ஒரே கணக்கு வந்தா ஒத்துக்கறேன்.”

டோனிங் என்று வாயைத் திறந்தேன். கதவோரம் பட்டுச் சேலையில் நின்ற வெண்ணிலா ஒரு புருவத்தைத் தூக்கினாள். டப்பியைத் திறந்தேன். என் எட்டு மாதத்தை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன்.

ராணியைவிட எடை கூட என்பதால் வர வேண்டியது 1.13. வந்தது 1.32.

தராசைத் துடைத்தேன். நூலை மாற்றினேன். மறுபடி இறக்கினேன். 1.32. வகுத்தால் எட்டு சொச்சம், வாய்விட்டே சொல்லிவிட்டேன். வெள்ளியில் எட்டு சொச்சம் கிடையாது. எடை சரியாக வர வேண்டும் என்று எவனோ லேசான உலோகத்தில் கொஞ்சம் தடியாக ஊற்றியிருக்கிறான். அந்தத் தடிமனுக்குத்தான் நான் வீடியோ போட்டேன்.

“ரெண்டும் வேற வேறயா வருது. ஒண்ணு டூப்பு தான?” என்றார் மாமா. கண்ணில் சந்தைச் சிரிப்பு.

“ஆமா மாமா.”

“எது?”

தராசு கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பன்றி பிழைத்துக்கொள்ளும். பேட்டரி வீக் என்றாலும் நம்புவார்கள். பரிசம் மட்டும் நடக்காது.

“என்னுது மாமா. ஏமாந்துட்டேன். ரெண்டையும் தட்டிப் பாருங்க.”

அவர் எதிர்பார்க்கவில்லை. என் காசைத்தான் முதலில் அம்மியில் போட்டார். டொக். தேங்காய் மூடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பந்தலில் எங்கேயோ ஒரு குழந்தை “டொக்கு” என்று திருப்பிச் சொன்னது.

அப்புறம் ராணி. மூக்கில்லாத, புள்ளியில்லாத, புளியில் ஊறி ஊறி இளைத்த ராணி. அம்மியில் விழுந்ததும் கிணீர் என்று கிளம்பிய சத்தம் பந்தலைச் சுற்றிவிட்டு, கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கிளப்பிவிட்டது. மாமா நம்பாமல் இன்னொரு தடவை தட்டினார். கிணீர். மூன்றாவது தடவை தட்டியது சோதிக்க இல்லை, கேட்கத்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“இந்தச் சத்தத்துக்கு மேல நான் இன்னா பேசறது?” என்று காசை வெண்ணிலாவின் கையில் வைத்தார். “எல போடுங்கப்பா.”

தவில்காரர் இரண்டு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரேயடியாக அடித்தார். கோவிந்தன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியதில் அவன் அம்மாவின் கையிலிருந்த பலாச்சுளைத் தட்டு கவிழ்ந்தது. சாப்பாட்டில் என் பக்கத்திலேயே மாமா உட்கார்ந்து, எனக்குக் கறி போதவில்லை என்று பரிமாறுபவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். வெண்ணிலா வந்து, “அண்ணா, அந்தப் பன்னிய எங்க கிளாஸுக்குக் குடுங்க, அடர்த்திப் பாடத்துக்கு வெச்சிக்கறேன்,” என்றாள். “தொடாத,” என்றார் மாமா. “அது எங்கிட்ட கீது.”

மத்தியானம் பஸ் ஏற்றிவிட அவரும் வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் துணி முடிச்சை என் கையில் திணித்தார். முடிச்சைத் தொட்டதுமே அந்தத் தடிமன் தெரிந்தது.

“தம்பி, இது உன் பரிசத்துக்கு. எந்த ஊர்ல பொண்ணு பாத்தாலும் எனுக்கு சொல்லி அனுப்பு. தாய்மாமன் சீட்ல நானே வந்து குந்தறேன். ‘டொக்’குன்னு கேட்டாலும், எங்காதுக்கு கிணீர்னுதான் கேட்டுச்சின்னு சொல்றேன்!”

அதே கண்டக்டர். மீதிக் காசை எனக்குக் கொடுப்பதற்கு முன், கையை நீட்டி என் லென்ஸை வாங்கினார். வருஷத்துக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார்.

“ஸ்டாரு,” என்றார். காசைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எனக்கு வேறொன்று கொடுத்தார்.